அண்டை வீட்டு நண்பன்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலையில் கூட்டம் நெரியும். பஞ்சாலையில் இரவு ஷிப்டு முடித்த தொழிலாளியும், களையெடுத்த கூலியில் நாலு காசு மிச்சம் பிடித்த விவசாயத் தொழிலாளியும் பிள்ளைகுட்டிகளோடு வந்து அருவியில் தலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தச் சாரல் காலத்தில்தான் ஜூலை 5ம் வருகிறது. 1970ம் ஆண்டு அந்த நாளில் எழுத்தாளர் கு. அழகிரிசாமி காலமானார். அப்போது அவருக்கு வயது 46. அவருடைய அண்டை அயலாராய் வளர்ந்த நண்பர் கி. ராஜநாராயணன் அதன்பின் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து, 2021 மே 17ல் மறைந்தார்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள இடைசெவல் இருவருக்கும் சொந்த ஊர். இருவரும் 1923 செப்டம்பரில், ஒரு வார இடைவெளியில் பிறந்தவர்கள். ஒருவர் நிலமுள்ள சம்சாரி வீட்டுப் பிள்ளை. மற்றவர் ஏழை வீட்டுப் பிள்ளை. சாதியும் வேறு. கரிசல் கிராமங்களில் அந்தக் காலத்தில் சாதிக்குச் சாதி தெரு இருந்தது என்பதை நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இந்த இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து சங்கீதம் கேட்டார்கள், சேர்ந்தே குற்றாலத்துக்கும் வந்தார்கள்.

குற்றாலத்தில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் இருந்தார். சட்டம் படித்தவர், ராஜாஜிக்கும் கல்கிக்கும் உற்ற நண்பர். வருகிறவர்களுக்குச் சோறு போட்டு, உட்கார வைத்து, கம்பன் பாட்டைப் பிரித்துப் பிரித்துச் சொல்லுவார். ராஜநாராயணனோ கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். விவசாயிகள் போராட்டத்தில் சிறை சென்றவர். நெல்லைச் சதி வழக்கில் சேர்க்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டவர். 1952ல் சட்டசபையில் கம்யூனிஸ்டுகளே தமது முதல் எதிரி என்று அறிவித்தவர் ராஜாஜி. அவருடைய நண்பரின் வீட்டில் நம் தோழருக்கு என்ன வேலை என்று அன்று முணுமுணுத்தவர்கள் இருந்தால் நாம் ஆச்சரியப்பட மாட்டோம். இன்றும் நம்மிடையே அப்படி முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். தோழர் ஜீவாவே கம்பனை மேடையேறிப் பேசியவர் என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறோம். பாட்டு எவன் வீட்டுத் திண்ணையில் கிடைத்தாலும் அதை உண்டாக்கிய தமிழ் உழைக்கிறவனுடையது. 1954 பிப்ரவரியில் ரசிகமணி மறைந்தார்.

அந்த வீட்டில் கற்றதை இரு நண்பர்களும் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அழகிரிசாமி பத்திரிகைத் தொழிலுக்குப் போய், 1953ல் மலேயாவுக்குச் சென்று 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றி, 1957ல் திரும்பினார். நம் சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்தார். அவர் எழுதிய 'ராஜா வந்திருக்கிறார்' கதையை ஒவ்வொரு சங்கக் காரியாலயத்திலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பணக்கார வீட்டுக்குத் தீபாவளிக்கு ஜமீன் மாப்பிள்ளை வருகிறார். பக்கத்து ஏழை வீட்டுக்கு யாருமற்ற ஒரு சிறுவன், உடம்பெல்லாம் சிரங்கோடு வருகிறான். அந்த வீட்டுத் தாய் அவனைக் குளிப்பாட்டி, இருந்த துணியில் ஒன்றைக் கட்டிவிடுகிறாள். அவன் பெயரும் ராஜாதான். எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்று அந்த வீட்டுச் சிறுமி நிமிர்ந்து சொல்லுகிறாள்.

ராஜநாராயணன் ஊரிலேயே தங்கி விவசாயம் பார்த்தார். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். முப்பத்தைந்து வயதை எட்டும்போதுதான், 1958ல், 'சரஸ்வதி' பத்திரிகையில் அவருடைய 'மாயமான்' கதை வெளிவந்தது. பின்னர் வந்த 'கதவு' கதையில், தீர்வை பாக்கிக்காகச் சர்க்கார் ஆட்கள் ஒரு குடிசையின் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். தகப்பன் மணிமுத்தாறில் வேலை தேடிப் போனவன். வாடைக் காற்று வீட்டுக்குள் புகுகிறது. குழந்தைகள் ஒருநாள் அந்தக் கதவைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்ளுகிறார்கள். ஜப்தி என்றால் என்ன என்று அறிந்த குடும்பம் எதுவும் இந்தக் கதையை மறக்காது.

1970ல் 'சோவியத் நாடு' பத்திரிகையில் சேர்ந்த அழகிரிசாமி சில மாதங்களிலேயே போய்விட்டார். 'அன்பளிப்பு' தொகுதிக்குச் சாகித்திய அக்காதமிப் பரிசு கிடைத்தது. வாங்க அவர் இல்லை. அண்டை வீட்டு நண்பர் அப்போது என்ன செய்தார்? அழகிரிசாமி தமக்கு எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். அவை நூலாக வந்தன. படித்துப் பார்த்தால் சங்கீதத்தையும் பாட்டையும் பற்றி நண்பனிடம் ஆசை ஆசையாய்ப் பேசுகிற ஒரு வாலிபன் அதில் உயிரோடு இருக்கிறான். 2021ல் கி.ரா.வுக்குச் சர்க்கார் மரியாதையோடு இடைசெவலில் இறுதிச் சடங்கு நடந்தபோது, அழகிரிசாமியின் பேச்சு வராத வீடு அந்த ஊரில் இருந்திருக்குமா?

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்? நமது கிளையில் ஒரு தோழர் இறந்தால் நாம் செய்வது என்ன? செங்கொடி போர்த்துகிறோம். மாலை போடுகிறோம். இரண்டு நிமிடம் மௌனம். பிறகு அடுத்த அஜெண்டா. பத்து வருஷம் கழித்து வருகிற வாலிபனுக்குச் சுவரில் ஒரு படம் தெரிகிறது. அவர் யார் என்று கேட்டால் "பழைய தோழர்" என்று பதில் கிடைக்கிறது. முப்பது வருஷம் சந்தா வசூலித்து, வேலைநிறுத்தத்தில் அடிபட்டு, பக்கத்து வீட்டுக்காரன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நடுராத்திரியில் சைக்கிள் மிதித்தவனுக்கு இவ்வளவுதானா? இந்தக் குறை நம்முடையது. இதற்குச் சர்க்காரையோ முதலாளியையோ குறை சொல்ல முடியாது.

ஆகவே தென்காசி, சங்கரன்கோவில், கோவில்பட்டி வட்டாரத் தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். மறைந்துபோன உங்கள் அண்டை வீட்டுத் தோழரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். தியாகி, செம்மல் என்ற பட்டங்கள் வேண்டாம். எந்த மில்லில், எந்த மெஷினில் நின்றார், யாருடைய வயலில் நாற்று நட்டார், எதற்குச் சிரிப்பார், எதற்குச் சண்டை போடுவார், என்ன பாட்டுப் பாடுவார் என்று எழுதுங்கள். அவர் கைப்பட எழுதிய சீட்டு இருந்தால் அதையும் அனுப்பலாம். பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லட்டும். வீட்டில் படிக்கிற பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். எழுத்துப் பிழையை நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம். இந்தச் சாரல் முடிவதற்குள் முதல் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்க விரும்புகிறோம்.