பிராஸஸர் மாத்தணுமா?

இந்த மலரில் கவிதைகள் நிறைய இருக்கும். அதையெல்லாம் ரசித்துவிட்டு வாருங்கள். நான் சொல்ல வந்தது ஒரு 5,000 ரூபாய் சமாச்சாரம்.

எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்தது நான்தான் முதல். அப்பா கொத்தனார். செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். ஐ3-6100 பிராஸஸர், 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். ஆட்டோகேடைக் கிளிக் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்! கடைக்காரரிடம் போனேன். "தம்பி, ஐ7-6700 போட்டுரு. இதே போர்டுல உக்காரும். 5,000 ரூபாதான், பறக்கும்" என்றார்.

அம்மா மகளிர் குழுவில் லோன் கேட்கக் கிளம்பிவிட்டார். படிக்கிற பிள்ளை கேட்டால் 'எதுக்குடா?' என்று திருப்பிக் கேட்காத வீடு எங்கள் வீடு. உங்களில் பலர் வீடும் அப்படித்தான். அதனால் அந்தக் கேள்வியை நாமேதான் கேட்டுக்கணும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஃபீஸ் வாங்காத டாக்டர்! ஆட்டோகேட் திறக்கும்போது பார்த்தேன். பிராஸஸர் 30 சதவீதத்தில் சும்மா கிடக்கிறது. ஹார்ட் டிஸ்க் 100! ராமும் நிரம்பி வழிகிறது.

அப்பாவிடம் சொன்னேன். "ஒரே சித்தாள் கலவை சுமக்குறா. நீ இன்னொரு கொத்தனார வெச்சா சுவரு ஏறிடுமா?" என்றார். கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-ல் வாதாடியதும் கிட்டத்தட்ட இதுதான். 4 நிமிடக் காத்திருப்பில் 3 நிமிடம் டிஸ்க்குக்குப் போகிறது என்று வையுங்கள். பிராஸஸர் வேகத்தை இரட்டிப்பாக்கினால் மிச்சம் அரை நிமிடம். அதுக்கு 5,000 ரூபாயா?

ஐ3-யில் 2 கோர், ஐ7-ல் 4 கோர். உண்மைதான். ஆனால் ஆட்டோகேடில் நாம் பிளான் வரைகிற வேலை பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடுகிறது. அந்த ஒரு கோரின் வேகம் ஐ3-யில் 3.7 கிகாஹெர்ட்ஸ், ஐ7-ல் அதிகபட்சம் 4.0. அவ்வளவுதான் வித்தியாசம்!

கடைக்காரர் சொல்லாத விஷயம் இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் போட்ட பட்டியலில் 6-ம் தலைமுறை ஐ3-யும் இல்லை, ஐ7-ம் இல்லை. 'அப்போ 8-ம் தலைமுறை போடேன்' என்பீர்கள். சாக்கெட் பேர் என்னவோ அதே 1151தான். ஆனால் 2017-ல் வந்த அந்த சிப்பு என் போர்டில் ஓடாது. போர்டையே மாற்றணும்.

லீவில் சென்ட்ரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி, இன்னொரு 4 ஜிபி ராம் வாங்கினேன். மொத்தம் 2,600 ரூபாய். இப்போது ஆட்டோகேட் திறக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. டீதான் போச்சு. அம்மா லோன் வாங்கவில்லை.

அதற்காக யாருமே மாற்றாதீங்கன்னு சொல்லவில்லை. என் பெஞ்ச் நண்பன் முப்பரிமாண ரெண்டரிங் செய்கிறவன். அவன் மெஷினில் ராத்திரி முழுக்க எல்லா கோரும் 100-ல் நிற்கிறது, டிஸ்க் தூங்குகிறது. அவனை வாங்கச் சொன்னேன். நானே கடைக்குக் கூடப் போய் பேரம் பேசினேன். அதே கடைக்காரர்தான், 300 ரூபாய் குறைத்துக் கொடுத்தார்.

- இரண்டாமாண்டு சிவில் மாணவன்