நிலவின் தலையில் பழியா?

"சோற்றுக்கு அலையும் நாட்டுக்குச் சோமனிடம் தூது எதற்கு?" விண்கலம் கிளம்பும்போதெல்லாம் இக்கேள்வியும் கூடவே கிளம்புகிறது. கேட்போர் முகத்திலே இரக்கம், குரலிலே உருக்கம். ஏழைக்கென்று பேசும் எவரையும் எள்ளி நகையாடுவது நம் பழக்கமன்று. ஆயினும் தோழர்களே, ஏழையின் பெயரால் கணக்குக் கேட்கப் புறப்பட்டவர், அக்கணக்கை முழுவதும் கேட்கவேண்டாமா?

2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென்முனைப் பகுதியிலே மெல்ல இறங்கியது சந்திரயான்-3. செலவு ஏறத்தாழ 615 கோடி ரூபாய். நருமதை ஆற்றிடையே 2018 இல் எழுப்பப்பட்ட பட்டேல் சிலைக்கு ஆன செலவு ஏறத்தாழ 3,000 கோடி. பட்டேலின் பெருமை பற்றி இங்கு வழக்கில்லை. அச்சிலையின் விலையில் நான்கு முறை நிலவில் இறங்கியிருக்கலாம் என்பதே கணக்கு. 2023-24 ஆம் ஆண்டுக்கு மைய அரசு திட்டமிட்ட செலவு 45 லட்சம் கோடி. அதில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது 12,500 கோடி அளவில். நூறு ரூபாய்க்கு 28 காசு! எஞ்சிய 99 ரூபாய் 72 காசு எவ்வழி சென்றது என்று கேட்க நாவெழாதோர், இந்த 28 காசைப் பிடித்து உலுக்குகின்றனர். இதுவா ஏழைப் பங்காளம்?

இக்கேள்வி நம் நாட்டில் மட்டும் எழுந்ததன்று. 1969 சூலை 15. மறுநாள் அமெரிக்காவின் அப்போலோ-11 நிலவுக்குப் புறப்பட வேண்டும். கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியோடு, ஏழை மக்களை அழைத்துக்கொண்டு ஏவுதளத்தருகே வந்து நின்றார் ரால்ப் அபர்னாதி. மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர். கிங் கொல்லப்பட்ட பின் அவ்வியக்கத்துக்குத் தலைமை ஏற்றவர். நாசாவின் தலைவர் தாமஸ் பெயின் அவரை எதிர்கொண்டு பேசினார். நாளை பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை தீரும் எனில் அழுத்தமாட்டோம் என்ற கருத்தில் மறுமொழி தந்தார். நழுவும் பேச்சென்றே தோன்றும். ஆனால் பின்னர் நடந்தது என்ன? 1970 இல் மூன்று நிலவுப் பயணங்களைக் கைவிட்டனர். 1972 டிசம்பரோடு அத்திட்டமே முடிந்தது. மிஞ்சிய டாலர், கழுதை வண்டியிலே வந்தோரின் குடிசைக் கதவைத் தட்டிற்றா? அந்நாட்டின் வறுமை இன்றும் ஒழியவில்லை. ஒரு பெட்டியைப் பூட்டுவதால் மறு பெட்டி தானே திறந்துகொள்வதில்லை.

வானிலே கண் வைத்ததால் மண்ணுக்கு என்ன பயன் என்போர்க்குக் கடற்கரை விடை கூறும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பயணிகளோடு தொடர்வண்டியும் கடலுக்கு இரையாயிற்று. அன்று நமக்கு வானிலே கண் இல்லை. 1999 இல் ஒடிசாவைப் புயல் தாக்கியபோது கண் இருந்தது. கரையிலே போதிய கை இல்லை. மாண்டவர் பத்தாயிரம் பேர் அளவில்! 2013 இல் அதே கரையைத் தாக்கியது பைலின் புயல். அப்போது கண்ணும் இருந்தது, கையும் இருந்தது. பத்து லட்சம் பேர் அளவில் முன்கூட்டியே அப்புறப்படுத்தினர்; மாண்டவர் ஐம்பதுக்கும் குறைவு. 2017 நவம்பர் இறுதியில் வந்தது ஒக்கி. வானத்துக் கோள் கண்டது. ஆழ்கடலில் பல நாள் தங்கி வலை வீசிய குமரி மீனவர்க்கு எடுத்துச் சொல்லத்தான் வாயில்லை! கரையிலே கதறிய பெண்களுக்குக் கோளா பதில் கூறும்? கோள் கண்டதைப் படகுக்கு எட்டச் செய்யாத ஆட்சியன்றோ கூறவேண்டும்!

இனிச் சாக்கடைக்கு வருவோம். மூக்கைப் பொத்துவோர் பொத்திக்கொள்ளட்டும்.

மலம் அள்ள மனிதனை அமர்த்தலாகாது என 1993 இல் ஒரு சட்டம். அது போதாதென 2013 இல் மற்றொன்று. நிலவிலே கலம் இறங்கி இரண்டு மாதம் நிரம்பவில்லை. 2023 அக்டோபர் 20 அன்று, பாதாளச் சாக்கடையில் மாள்வோர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டுமெனத் தீர்ப்பளித்தது உச்சநீதிமன்றம். சாவு நின்றிருந்தால் இழப்பீட்டை உயர்த்த வேண்டிய தேவை ஏது? என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, நிலவில் இறங்க இயந்திரம் இருக்கிறது, எங்கள் தெருக் குழியில் இறங்க ஏன் இல்லை?" பாடநூலைப் புரட்டிப் பயனில்லாத கேள்வி.

இயந்திரம் இல்லாமலில்லை. 1963 இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு இராக்கெட் கிளம்பிய தும்பா, திருவனந்தபுரத்தில் இருக்கிறது. அதே நகரின் இளம் பொறியாளர்கள், குழியினுள் இறங்கிச் சேறள்ளும் 'பேண்டிகூட்' என்னும் இயந்திரத்தை 2018 இலேயே செய்து காட்டிவிட்டனர். அறிவு உண்டு, கருவி உண்டு, பொருளும் உண்டு. பின் எது தடை? குழியில் இறங்குபவன் எந்தத் தெருவிலே பிறந்தவன் என்று கேளுங்கள். தடையின் பெயர் தெரியும். இயந்திரத்துக்கு விலை உண்டு, இவன் உயிருக்கு விலை இல்லை என்று சாதி போட்ட கணக்கு அது! நிலவுப் பயணத்தை நிறுத்தினால் இக்கணக்கு மாறுமா?

மறுபுறம், வெற்றி மயக்கத்தார். நிலவையே தொட்டுவிட்டோம், இன்னும் சாக்கடைப் பேச்சா என்று சினக்கின்றனர். கலத்தின் சிறு உருவத்தை ஏந்தித் திருமலைக்குச் சென்றனர் அறிவியலாளர் சிலர். கலம் இறங்கிய இடத்துக்குச் 'சிவசக்தி' என்று பெயரிட்டனர் ஆள்வோர். விழுப்புரம் இரயில்வே பள்ளியில் பயின்ற வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக நின்று உழைத்த உழைப்பின் பயனில் தெய்வத்துக்கு எதற்குப் பங்கு?

அவ்வுழைப்பின் முறையைத்தான் நாம் கேட்டுப் பெறவேண்டும். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இன் இறங்குகலம் நிலவில் மோதி நொறுங்கியது. விதி என்று விட்டார்களா? எந்நொடியில் எப்பிழை நேர்ந்தது என்று ஆராய்ந்தனர், திருத்தினர், நான்கே ஆண்டில் வென்றனர். குழியிலே ஒருவன் மூச்சடைத்து மாண்டால் அத்தகைய ஆராய்ச்சி எங்கே? ஆளில்லாக் கலத்துக்குக் காட்டிய அக்கறையை ஆளுக்குக் காட்டக் கூடாதா?

தோழர்களே! உங்கள் நகராட்சிக்குச் செல்லுங்கள். குழிகள் எத்தனை, இயந்திரங்கள் எத்தனை, குறை எந்நாளுக்குள் நீங்கும், நீங்காவிடில் பொறுப்பேற்கும் அதிகாரி யார் என்று எழுத்திலே கேளுங்கள். விடை வரும்வரை ஒவ்வொரு வாரமும் சென்று கேளுங்கள்.