பெட்டி வாங்கினால் போதுமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது முதலில் நழுவத்தான் பார்த்தேன். காதல் கவிதை எழுத நம் கல்லூரியில் ஆள் பஞ்சமில்லை. ஆட்டோமொபைல் மூன்றாமாண்டுக்காரன் எனக்குத் தெரிந்தது எஞ்சின் ஒன்றுதான். அதைப் பற்றியே எழுதுகிறேன். போரடித்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கேன்டீனில் நாலு ஆட்டோமொபைல் பசங்க சேர்ந்தால் கிளம்பும் கேள்வி இதுதான்: "மச்சான், காரை மாடிஃபை பண்ணினா எந்த ஈ.சி.யூ. போடலாம்?" ஒருத்தன் ஆஸ்திரேலியா பெட்டி என்பான். இன்னொருத்தன் ஆர்டினோ போர்டை வைத்து நாமே சாலிடர் பண்ணிக்கலாம் என்பான். பெல் அடிக்கும் வரை சண்டை நடக்கும். இந்தக் கேள்வியே தவறு என்பது என் தாழ்மையான கருத்து. "எந்தப் பெட்டி?" என்று கேட்பதற்கு முன் "யார் ட்யூன் பண்ணப் போறது?" என்று கேட்க வேண்டும்.

ஈ.சி.யூ. என்ன செய்கிறது? கிராங்க் எங்கே இருக்கிறது, மேனிஃபோல்டில் அழுத்தம் எவ்வளவு, காற்றும் கூலன்ட்டும் எவ்வளவு சூடு, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சென்சார்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பிறகு தனக்குள் இருக்கும் அட்டவணையைப் பார்த்து, எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்ற இரண்டை முடிவு செய்கிறது. கம்பெனி ஈ.சி.யூ.வின் அட்டவணை கம்பெனி எஞ்சினுக்காக எழுதியது. கேம் ஷாஃப்ட்டை மாற்றினாலோ டர்போ வைத்தாலோ உள்ளே போகும் காற்றின் கணக்கு மாறிவிடும். ஆண்டுதோறும் கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் கார்களில் எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. துளை வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. அந்தத் துளையை வைத்ததும் பைக் கம்பெனி போட்ட அட்டவணை பொருந்தாமல் போகிறது. அதனால்தான் அங்கே அணிகள் திருத்தி எழுதக்கூடிய ஈ.சி.யூ.வைத் தேடிப் போகின்றன.

சந்தையில் இதற்குப் பஞ்சமில்லை. மோடெக், ஹால்டெக் இரண்டும் ஆஸ்திரேலியாவில் 1980-களில் பிறந்த நிறுவனங்கள். லிங்க் நியூசிலாந்துக்காரர்களுடையது. இவை காசுள்ளவன் வாங்குவது. 2001-ல் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'மெகாஸ்கொயர்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உதிரி பாகங்களாக வாங்கி நாமே சாலிடர் பண்ணி ஓட்டலாம். அதற்குப் பிறகு ஆர்டினோ மெகா போர்டில் ஓடும் 'ஸ்பீடுயினோ' வந்தது. அதன் சர்க்யூட்டும் ப்ரோகிராமும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. டிப்ளமோ மாணவனுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் உண்டா?

விலை அதிகமானால் என்ன கிடைக்கும்? நாக் சென்சாரின் சத்தத்தைச் சரியாகப் பிரித்தறிவது, ஆயில் பிரஷர் விழுந்தால் எஞ்சினைத் தானே நிறுத்துவது, நிறைய பதிவு செய்வது, தண்ணீர் புகாத உறை. இவை நல்ல விஷயங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அட்டவணையில் தப்பான எண்ணை எழுதினால், விலை உயர்ந்த பெட்டியும் விலை குறைந்த பெட்டியும் அந்தத் தப்பை ஒரே மாதிரிதான் நிறைவேற்றும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

போன வருட விடுமுறையில் கோவையில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளப் போனேன். அங்கே ஒரு பழைய எஸ்டீம் இருந்தது. 1298 சி.சி., 16 வால்வு, கம்பெனி சொன்ன சக்தி 85 பி.எச்.பி. ட்ராக்கில் மட்டும் ஓட்ட அதை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றிக்கொண்டிருந்தார் பட்டறை அண்ணன். சின்ன டர்போ, 0.4 பார் பூஸ்ட், 120 பி.எச்.பி. வந்தால் போதும் என்பது திட்டம். மூன்று வருடம் சேர்த்த காசு. கம்ப்யூட்டர் வேலையை என்னிடம் கொடுத்தார். பட்டறையிலேயே லேப்டாப் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். தலை கால் புரியவில்லை எனக்கு!

முதல் பகுதியை ஒழுங்காகத்தான் செய்தேன். இன்ஜெக்டர் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். டர்போ எஞ்சினில் ஒரு குதிரை சக்திக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளலாம். 120-க்கு 72 பவுண்டு. நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் தலைக்கு 18. இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்து வைக்கக் கூடாது. 6000 ஆர்.பி.எம்.-ல் ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது கிராங்க் இரண்டு சுற்று சுற்ற, 20 மில்லி செகண்ட்தான். அதில் 80 சதவீதம், 16 மில்லி செகண்ட்தான் திறக்கலாம். ஆக 18-ஐ 0.8-ஆல் வகுத்தால் 22.5 பவுண்டு. நிமிடத்துக்குச் சுமார் 240 சி.சி. இதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு வாங்கினோம். கம்பெனி மேப் சென்சாருக்குப் பூஸ்டைப் படிக்கத் தெரியாது என்பதால் அதையும் மாற்றினோம்.

தப்பு நடந்தது இக்னிஷனில். கிராங்க் புல்லியில் 36 பல் இடத்தில் ஒரு பல்லை நீக்கிய ட்ரிக்கர் வீல் பொருத்தினோம். அந்த இல்லாத பல் சென்சாரைக் கடக்கும்போது, முதல் சிலிண்டர் டி.டி.சி.க்கு எத்தனை டிகிரி இருக்கிறது என்று ஈ.சி.யூ.வுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். நான் அளக்கவில்லை. வேறு ஒரு காரின் ஃபைலில் இருந்த எண்ணை அப்படியே போட்டேன். வண்டி ஒரே கிராங்கில் ஸ்டார்ட் ஆச்சு. ஐடிலிங் கும்மென்று நின்றது.

"தம்பி, டைமிங் லைட் போட்டுப் பாத்தியா?"

"பாத்துட்டேன்ங்ணா."

பார்க்கவில்லை, தோழர்களே. டைமிங் லைட் அலமாரியில் இருந்தது, பேட்டரி கிளிப் அறுந்திருந்தது. அதைச் சரி பண்ண அரை மணி நேரம் ஆகும். எனக்கு வண்டியை ஓட்டிப் பார்க்க அவசரம். பொய் சொன்னேன்.

ட்ராக்கில் நாலாவது சுற்றில் எக்ஸாஸ்டில் நீலப் புகை. பிரித்துப் பார்த்தால் மூணாவது பிஸ்டனில் ரிங் லேண்ட் உடைஞ்சு, சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருந்தது. அப்புறம்தான் லைட்டைச் சரி பண்ணி, கிராங்கை மோட்டாரால் சுற்றவைத்துப் பார்த்தோம். நான் சொன்ன எண்ணுக்கும் உண்மைக்கும் 8 டிகிரி வித்தியாசம். பூஸ்டில் திரையில் 18 டிகிரி அட்வான்ஸ் என்று காட்டியபோது எஞ்சினில் 26 டிகிரி! பிஸ்டன் மேலே ஏறி வருவதற்குள் அழுத்தம் எகிறி, மிச்சக் கலவை தானாகவே வெடித்திருக்கிறது. அந்த நாக்கிங் சத்தம் டர்போ இரைச்சலில் எங்கள் காதில் விழவில்லை.

அண்ணன் திட்டவில்லை. "வண்டி போனா போவுது. பாத்தேன்னு ஏன் சொன்னே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ரீபோர் வேலை முடியும் வரை சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று வேலை செய்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், வரிசை முக்கியம். காசு கொஞ்சமாக இருந்தால் முதலில் ஒரு டைமிங் லைட். அடுத்து வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார். காரில் வரும் சாதா சென்சார் கலவை சரியான புள்ளிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது. மூன்றாவது நல்ல வயரிங்: சரியான எர்த், கிராங்க் சென்சாருக்கு ஷீல்டு வயர். இந்த மூன்றுக்கும் எடுத்து வைத்த பிறகு மிச்சமிருக்கும் காசில் எந்தப் பெட்டி கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். அதிலும், பக்கத்தில் தெரிந்தவர் யாராவது ஏற்கெனவே ட்யூன் பண்ணிப் பழகிய பெட்டியாக இருந்தால் உத்தமம். சந்தேகம் வந்தால் ஓடிப் போய்க் கேட்கலாம் அல்லவா?

ட்யூனிங்கிலும் அப்படியே. முதலில் சாஃப்ட்வேரில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, லைட் அடித்து, புல்லியிலும் 10 காட்டுகிறதா என்று பாருங்கள். ஆர்.பி.எம். ஏற்றும்போதும் அந்தக் குறி நகரக் கூடாது. பிறகு பேட்டரி வோல்டேஜ் குறையும்போது இன்ஜெக்டர் திறக்க ஆகும் தாமதம் கூடும். அந்தக் கணக்கைப் போடுங்கள். அடுத்து ஐடிலிங், அடுத்து லேசான த்ராட்டில், கடைசியில்தான் பூஸ்ட். பூஸ்டில் பெட்ரோல் தாராளமாக, டைமிங் கஞ்சத்தனமாகத் தொடங்குங்கள். ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, சக்தி கூடாத இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நாக்கிங் அதற்கு முன்பே வந்தால் அங்கேயே பின்வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். 14.7-க்கு 1 என்று மனப்பாடம் பண்ணியிருக்கிறோமே, அது சுத்தப் பெட்ரோலுக்கு. 2023-ல் அறிமுகமான இ20 பெட்ரோலுக்கு அந்த எண் சுமார் 13.5 தான். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் அதே காற்றுக்கு அதிகமாக ஊற்ற வேண்டும். பழைய ஃபைலை அப்படியே போட்டால் கலவை வறண்டு போகும். ஆகவே லாம்டா கணக்கில் பழகுங்கள். எந்த எரிபொருளானாலும் சரியான கலவை லாம்டா 1 தான்.

"நான் ரோட்டில் ஓட்டுற காரில் போடலாமா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு: போடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ரோட்டில் நம் பின்னால் வருகிறவர் சுவாசிப்பது நம் எக்ஸாஸ்டைத்தான் என்பதையும் மறக்கக் கூடாது. இந்த வேலைக்கு இடம் ட்ராக்கும் லேபும்தான்.

லேப் என்றதும் என் கோரிக்கைக்கு வருகிறேன். நம் ஆட்டோ லேபில் குறுக்கே வெட்டி பெயின்ட் அடித்த கார்புரேட்டர் பளபளவென்று இருக்கிறது. அது இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் பக்கத்தில் ஒரு மேஜை போடலாமே? ஒரு ஸ்பீடுயினோ போர்டு, துளையிடும் மோட்டாரில் பொருத்திய ட்ரிக்கர் வீல், நாலு இன்ஜெக்டர், நாலு காயில், ஒரு டைமிங் லைட். எஞ்சினே வேண்டாம். தப்பான எண்ணைப் போட்டால் என்ன ஆகும் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம், பிஸ்டன் உடையாது. எலெக்ட்ரானிக்ஸ் பிரிவுத் தோழர்கள் சாலிடரிங்குக்குக் கை கொடுத்தால் மெஷின் ஷாப்பில் பல் சக்கரத்தை நாங்களே வெட்டிக்கொள்வோம். துறைத் தலைவரிடம் பேரவை இதை எடுத்துச் செல்ல வேண்டும் என்று இந்த மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மேஜை வந்தால், டைமிங் லைட்டின் கிளிப்பைச் சரி பண்ணி வைக்கும் பொறுப்பு என்னுடையது. இந்த முறை நிஜமாகவே பண்ணுவேன்.