ஊர் நடுவே வாசித்த மஸ்டர் ரோல்

அரசிடம் கணக்குக் கேட்பது குடிமக்களின் கடமை என்பதை இந்தியாவில் நடைமுறையில் காட்டியவர்கள் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் அரசின் வறட்சி நிவாரண வேலைதான் அவர்களுக்குப் பிழைப்பு. குளம் வெட்டினார்கள், சாலை போட்டார்கள். கைக்கு வந்ததோ சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலியில் ஒரு பங்குதான். காரணம் கேட்டால், செய்த வேலை குறைவு என்றார்கள். யார் வேலை செய்தார், எவ்வளவு கூலி வாங்கினார் என்று பதியும் மஸ்டர் ரோலைக் காட்டச் சொன்னால், அது அரசாங்க ரகசியம் என்றார்கள்.

1990 மே 1 அன்று அமைந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் தொழிலாளர், விவசாயிகள் சங்கம் இந்தப் பதிலை ஏற்க மறுத்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஐ.ஏ.எஸ். பதவியைத் துறந்த அருணா ராய், சென்னையில் பிறந்தவர். சங்கத்தின் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை, 1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் நடந்தது. முறை எளிது. ஊர் கூடியிருக்கும் இடத்தில் அரசு ஆவணத்தை வரிவரியாக உரக்கப் படிப்பது. பெயருக்கு உரியவர் எழுந்து, அந்த வேலைக்குப் போனாரா, அந்தக் கூலியை வாங்கினாரா என்று சொல்வது. இப்படி நடந்த விசாரணைகளில் இறந்துபோனவர்கள் கூலி வாங்கியதாகப் பதிவு இருந்தது. பிழைப்புக்காக எப்போதோ ஊரைவிட்டுப் போனவர்களும் மண் சுமந்திருந்தார்கள். கூரையே போடாத கட்டடம் கட்டி முடித்த கணக்கில் ஏறியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அரசுக் கோப்பைத் தணிக்கை செய்தார்கள். ஓட்டுப் போடுவதோடு குடிமகனின் வேலை முடிந்தது என்று நம்புகிறவர்கள் இந்தக் காட்சியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆவணங்களின் நகல் வேண்டும் என்ற கோரிக்கையோடு 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தொடங்கிய தர்ணா 40 நாள் நீடித்தது. கிராமத்துக் கூலிக்காரர்களின் போராட்டத்துக்கு நகரத்துக் காய்கறி வியாபாரிகள் காய்கறி கொடுத்து உதவினார்கள். அதன் பிறகே பஞ்சாயத்துக் கணக்குகளைப் பார்க்கவும் நகலெடுக்கவும் ராஜஸ்தானில் விதிகள் மாறின. தமிழ்நாடு 1997இல் தகவல் உரிமைக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அதில் விலக்குகள் மிகுதி. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் குடிமக்கள் எவரும் மனுப்போடலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமும் 17ஆம் பிரிவில் சமூகத் தணிக்கைப் பொறுப்பைக் கிராம சபையிடம் கொடுத்தது. கோட் கிரானாவில் நடந்தது இவ்வாறு சட்டத்தின் பகுதியானது.

இப்போது கவலை தருவது 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத, அல்லது தனியுரிமையில் தேவையின்றித் தலையிடும் சொந்தத் தகவலை மட்டுமே மறுக்க இடம் தந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது என்ற வரியும் அதில் இருந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த திருத்தம் இந்த வரம்புகளை நீக்கி, சொந்தத் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்குகிறது. மஸ்டர் ரோலில் இருப்பவை பெயர்களும் அவற்றுக்கு எதிரே எழுதிய தொகைகளும்தான். பெயரை மறைத்துவிட்டால் ஊரார் எதைச் சரிபார்ப்பார்கள்? பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் அதை முடிவு செய்வது முதலில் கோப்பை வைத்திருக்கும் அதே அலுவலகம். அது மறுத்தால் கூலிக்காரர் மேல்முறையீட்டுக்கு அலைய வேண்டும்.