தண்ணீர் வந்த வழி

ஆகஸ்டு மாதத்தின் நடுப்பகுதி தாண்டியதும் நம் நெடுஞ்சாலைகளின் ஓரமெல்லாம் காவி உடுத்திய கூட்டங்கள் தென்படத் தொடங்கும். கையில் செபமாலை, தலையில் துண்டு, வாயில் அன்னையின் புகழ். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேறும். செப்டம்பர் 8-ஆம் நாள் பெருவிழா. அதற்குள் போய்ச் சேரவேண்டும் என்னும் ஆவலில் இரவென்றும் பகலென்றும் பாராமல் மக்கள் நடக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து வரும் சிறு வண்டியையும் வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். அரிசி மூட்டை, அடுப்பு, பாய்கள், மருந்துப் பெட்டி ஆகியவற்றோடு ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் சுருட்டி வைத்த ஓஸ் குழாய். இம்மாதம் நாம் பேச விரும்புவது அந்தத் தொட்டியையும் அந்தக் குழாயையும் பற்றித்தான்.

"ஆன்ம காரியங்களை எழுதவேண்டிய பக்கத்தில் ஓஸ் குழாய்க்கு என்ன வேலை?" என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. சில ஆண்டுகளுக்கு முன்வரை நாமும் அப்படித்தான் வினவியிருப்போம்.

அந்த ஆண்டு நமது பங்கிலிருந்து ஏறத்தாழ எண்பது பேர் நடைப்பயணம் புறப்பட்டனர். வாடகைக்கு ஒரு சரக்கு வண்டி அமர்த்தினோம். பங்கு இல்லத்தின் பின்புறம் 500 லிட்டர் தொட்டி ஒன்று நெடுநாளாகக் கிடந்தது. புதிய தொட்டி வாங்கும் செலவு மிச்சம் என்று மகிழ்ந்தோம். கோவில் தோட்டத்துச் செடிகளுக்கு நீர் பாய்ச்சும் பச்சை ஓஸ் குழாயையும் எடுத்துக்கொண்டோம். இளைஞர்கள் தொட்டிக்குள் நாலு வாளித் தண்ணீரை ஊற்றி, உருட்டிக் கொட்டிவிட்டு வண்டியில் ஏற்றினார்கள். அதிகாலைத் திருப்பலி முடிந்ததும் நாம் வெளியே வந்து, வண்டியையும் ஓட்டுநரையும் தொட்டியையும் தீர்த்தம் தெளித்து மந்திரித்தோம். தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் இரவு, தங்கியிருந்த பள்ளிக்கூடத் திண்ணையில் முதலில் ஒரு சிறுவனுக்கு வாந்தி கண்டது. விடிவதற்குள் முப்பது பேருக்கு மேல் வயிற்றுப்போக்கால் துவண்டு கிடந்தனர். செய்தி கேட்டு நாம் விரைந்து சென்றபோது, எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் கண்கள் குழிவிழுந்து, நாவறண்டு, பேசவும் திராணியற்றுக் கிடந்தார். அவரையும் இன்னும் சிலரையும் அருகிலிருந்த மருத்துவமனையில் சேர்த்தோம்.

அங்கிருந்த மருத்துவர் இளைஞர். "தண்ணீர் எங்கே பிடித்தீர்கள்?" என்று கேட்டார். வழியோர ஊர்களின் பொதுக் குழாய்களில் பிடித்ததாகக் கூறினோம். "அந்த ஊர்க்காரர்கள் யாரும் இங்கே வரவில்லையே! சரி, எதில் பிடித்து வைத்தீர்கள்?" என்றார். அந்த இரண்டாவது கேள்விதான் நம்மைச் சுட்டது. விசாரித்துப் பார்த்ததில், வழியெல்லாம் கடையில் புட்டித் தண்ணீர் வாங்கிக் குடித்த ஏழெட்டுப் பேருக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை. அவர்களும் மற்றவர்களோடு அதே சோற்றையும் குழம்பையும் உண்டவர்களே.

திரும்பி வந்து தொட்டியைத் திறந்தோம். மேலிருந்து பார்த்தால் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. கையை விட்டு உட்சுவரைத் தடவியபோது விரல்கள் வழுக்கின. அடியில் ஒரு விரற்கடை வண்டல். ஓஸ் குழாயை உதறினால் வெதுவெதுப்பான, குமட்டும் நாற்றமுடைய நீர் கொட்டியது. அதன் முனை எங்கெங்கே கிடந்தது என்று கேட்டோம். "குழாயடியிலே அப்படியே தரையிலேதான் போடுவோம் சாமி" என்று தலைகுனிந்தார்கள் இளைஞர்கள். குழாயடி என்றால் சாக்கடை ஓரம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இறைவன் அருளால் எவர் உயிருக்கும் சேதமில்லை. ஆனால் அந்த மூதாட்டியின் நேர்த்திக்கடன் பாதிவழியில் நின்றுபோயிற்று. நாலாம் நாள் அவர் கட்டிலருகே அமர்ந்திருந்தபோது மெல்லிய குரலில் அவர் சொன்னது இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது: "மொத நாளே தண்ணி ஒரு மாதிரியா மணந்துச்சு சாமி. சொல்லலாம்னுதான் நெனச்சேன். சாமி மந்திரிச்ச வண்டியாச்சே, நம்ம என்னத்தச் சொல்றதுன்னு பேசாமக் குடிச்சுட்டேன்."

அவர் நம்மைக் குறை கூறவில்லை. ஆயினும் ஒரு குருவானவருக்கு இதைவிடப் பெரிய கண்டிப்பு உண்டோ? நம் ஆசீர்வாதமே அவர் வாயை அடைத்துவிட்டது! மந்திரிப்பது நம் கடமையை இறைவன் கையில் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்துகொள்வதற்காக அன்று. நம் கையால் ஆனதைச் செய்துவிட்டு, எஞ்சியதற்கு அவருடைய அருளை வேண்டுவதே ஆசீர்வாதம். தேய்த்துக் கழுவுவது நம் பங்கு. அதை நாம் செய்யவில்லை.

பின்னாளில் ஒரு பழைய வரலாற்றைப் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் லண்டன் மாநகரின் சோகோ பகுதியில் காலரா பரவி, சில வாரங்களுக்குள் 600-க்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டு போயிற்று. நோய் கெட்ட காற்றினால் வருகிறது என்று கற்றோரும் நம்பிய காலம் அது. ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகளை விசாரித்து, பலரும் பிராட் தெருவின் கைப்பம்பில் நீர் எடுத்தவர்கள் எனக் கண்டார். அதே தெருவில் இருந்த பியர் ஆலைத் தொழிலாளர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிப்பதில்லை. அவர்களில் எவரும் காலராவால் சாகவில்லை. அவர் எடுத்துரைத்ததன் பேரில் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அந்த நாள் எது தெரியுமா? செப்டம்பர் 8, நம் அன்னையின் பிறந்த நாள்.

இவ்வரலாற்றில் இன்னொருவரும் இருக்கிறார். ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் ஆங்கிலிக்கன் சபையின் இளங்குரு. அந்தப் பம்பின் நீர் தெளிந்தது, சுவையானது என்று ஊரே புகழ்ந்தது. ஆகவே ஸ்னோவின் கருத்து தவறு என்று மெய்ப்பிக்கவே அவர் கிளம்பினார். தமக்குப் பழக்கமான வீடுகளில் ஏறி இறங்கிப் பொறுமையோடு கேட்டறிந்தார். முடிவில் தம் எண்ணமே தவறு என்று ஒப்புக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. கிணற்றை ஒட்டிய வீட்டில் நோயுற்ற ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர், பழுதடைந்த கழிவுக்குழியில் ஊற்றப்பட்டுக் கிணற்றுக்குள் கசிந்ததையும் வெளிக்கொணர்ந்தவர் அவரே. தம் மக்களின் வீடுகளை அறிந்திருந்த ஒரு மேய்ப்பரால் இது முடிந்தது. தெளிவாக இருக்கிறது என்பதற்காக நீர் தூயது ஆகிவிடாது என்பதை அவரும் கற்றார், நாமும் கற்றோம்.

தொட்டியின் சுவரில் வழுக்குவது வெறும் அழுக்கன்று. நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பசை போன்ற ஒரு படலத்தைத் தம்மேல் போர்த்திக்கொண்டு வாழும் குடியிருப்பு அது. மேலே குளோரின் மருந்து ஊற்றினாலும் அப்படலம் உள்ளே இருப்பவற்றைக் காத்துவிடும். எனவே முதலில் தேய்க்கவேண்டும், பிறகுதான் மருந்து. ஓஸ் குழாயிலோ, தங்கிய நீர் வெயிலில் சூடேறி, கிருமிகள் பெருக ஏற்ற இடமாகிறது. மேலும் தோட்டத்துக்கென விற்கப்படும் குழாய்கள் குடிநீருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றுள் சிலவற்றிலிருந்து ஈயம் முதலிய வேண்டாத பொருள்கள் நீரில் இறங்குவதும் உண்டு.

அமெரிக்காவில் வீடுபோல் அமைந்த வண்டிகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவோர் பலர். அவ்வண்டியிலும் தொட்டியும் குழாயும் உண்டு. கவனமுள்ளவர்கள் குடிநீருக்கென்றே செய்யப்பட்ட வெள்ளைக் குழாய் ஒன்றைத் தனியே வைத்திருப்பார்கள். கழிவுத் தொட்டியைக் கழுவும் குழாய் வேறு நிறத்தில் வேறிடத்தில் இருக்கும். பல மாதம் நின்ற வண்டியை எடுக்கும்போது தொட்டியைக் குளோரின் நீரால் நிரப்பிச் சில மணி நேரம் வைத்துக் கொட்டிய பின்னரே குடிப்பார்கள். உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கு உள்ள கவனம் திருப்பயணம் போகும் நமக்கு வேண்டாமா?

இப்போது நமது பங்கில் பின்பற்றும் முறையைக் கூறுகிறோம். வீட்டு மாடித் தொட்டிக்கும் இதுவே பொருந்தும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு தொட்டியை முற்றிலும் காலிசெய்து, சுவர், அடி, மூடியின் உட்புறம் எல்லாவற்றையும் தேங்காய் நார் அல்லது பிரஷ் கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுகிறோம். கொசு முட்டைகளும் இதனால் நீங்கும். டெங்குக் கொசுவின் முட்டை உலர்ந்த சுவரில் பல மாதம் உயிரோடு ஒட்டியிருக்க வல்லது. பிறகு 500 லிட்டர் தொட்டிக்கு ஏறக்குறைய 80 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, நிறைய நீர் விடுகிறோம். கீழ்க் குழாயைத் திறந்து அந்த மருந்து நீரை ஓஸ் குழாயிலும் நிரப்பி இரு முனைகளையும் அடைத்து வைக்கிறோம். இரவு முழுதும் அப்படியே இருக்கும். காலையில் கொட்டிவிட்டு, நெடி போகும்வரை நல்ல நீரால் அலசுகிறோம். அந்த நீரை மீனுள்ள குளத்திலோ செடிகளுக்கோ விடலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ கழிப்பறை கழுவும் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு எழும். பெரிய தொட்டியாயின் தனியாள் உள்ளே இறங்கக் கூடாது. மேலே ஒருவர் நிற்கவேண்டும்.

ஓஸ் குழாய் குடிநீருக்கென்றே வாங்கியது. வேறெதற்கும் அதைத் தொடுவதில்லை. பயன்படுத்திய உடனே நீரை வடித்து, இரு முனைகளையும் ஒன்றோடொன்று செருகி, உயரே மாட்டிவிடுகிறோம். பூச்சியும் புழுதியும் உள்ளே நுழையா. நீர் பிடிக்கும்போது முதலில் வரும் தண்ணீரைச் சற்று ஓடவிட்டு, பிறகே தொட்டியில் விடுகிறோம். முனை தரையில் படவோ, நிற்கும் நீருக்குள் அமிழ்ந்து கிடக்கவோ விடுவதில்லை. குழாயில் நீரின் வேகம் குறைந்தால் அது வெளியிலுள்ள அழுக்கையும் உறிஞ்சிக்கொள்ளும்.

வழியில் பிடிக்கும் நீர் ஏற்கெனவே குளோரின் இடப்பட்டதா என்று தெரியாவிடில், 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்னும் கணக்கில் கரைத்துத் தெளியவைத்துச் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்தே பருகத் தருகிறோம். கலங்கல் நீர் இதற்கு ஆகாது. திறந்து கிடந்த பழைய பவுடர் வீரியமிழந்திருக்கும், அதுவும் உதவாது. தொட்டிக்குள் எவரும் குவளையை முக்குவதில்லை. கீழ்க் குழாயைத் திறந்துதான் பிடிக்கவேண்டும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்றையும் சேர்த்திருக்கிறோம். புறப்படும் நாளில் அனைவர் முன்னும் கூறுகிறோம்: "தண்ணீர் மணத்தாலோ, சுவை மாறினாலோ, சிறு பிள்ளையானாலும் உடனே சொல்லவேண்டும். சாமி மந்திரித்ததாயிற்றே என்று எவரும் வாய்மூடி இருக்கவேண்டாம்." அதன்பின் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டே தீர்த்தம் தெளிக்கிறோம்.

மறு ஆண்டு அந்த மூதாட்டியால் நடக்க இயலவில்லை. வண்டியில் ஓட்டுநர் அருகே அமர்ந்து வந்தார். கோவில் வாசலில் முதல் குவளைத் தண்ணீரை அவர் கையில் கொடுத்தோம். முகர்ந்து பார்த்தார், ஒரு வாய் பருகினார். "இப்பக் குடுங்க சாமி, எல்லாருக்கும்" என்றார். அவ்வாண்டு அவருடைய நேர்த்திக்கடன் நிறைவேறிற்று.

கொடியேற்றத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. திருப்பயணக் குழுவினர் தங்கள் தொட்டியை இவ்வாரமே திறந்து பாருங்கள். மற்றவர்கள் இன்று மாலையே மாடிப்படி ஏறி, நம் வீட்டுத் தொட்டியின் உட்சுவரை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.