நெல்லுக்கு விலை சொல்பவர் யார்?

பொருளியல் பாடநூலைத் திறந்தால் இரண்டு கோடுகள் தென்படும். ஒன்று கேள்வி வளைகோடு. மற்றையது நிரம்பல் வளைகோடு. இவ்விரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே விலை என்று நம் மாணவர்கள் மனனம் செய்கின்றனர். விலையை எவரும் விதிப்பதில்லை, மழையைப் போல அது தானே பொழிகிறது என்பதே அப்பாடத்தின் உட்பொருள். தை, மாசி மாதங்களில் மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரை வயல்வெளியில் இக்கோடுகளைத் தேடிப் பாருங்கள். ஈர நெல்லை மூடையில் கட்டிவைத்துத் தவிக்கும் உழவனையும், லொறியோடு வந்து நிற்கும் வியாபாரியையுமே அங்கு காண்பீர்கள்.

பேரம் பேசுவதற்கு முதல் தேவை, இன்றைக்கு விற்காமல் இருக்கக்கூடிய வலிமை. அது யாரிடம் இருக்கிறது? உழவனுக்கு வித்துநெற் கடன் உண்டு, உரக்கடன் உண்டு, இயந்திரக் கூலி உண்டு, அடகு வைத்த நகை உண்டு. பல வேளைகளில் கடன் கொடுத்தவனே நெல்லை வாங்குபவனுமாவான். வாங்குபவனுக்கோ களஞ்சியம் உண்டு. உலர்த்தும் பொறி உண்டு. வங்கியின் துணை உண்டு. ஒருவன் இன்றே விற்றாக வேண்டும். மற்றவன் மூன்று மாதம் பொறுத்திருக்கலாம். இவ்விருவருக்கும் இடையில் முடிவாகும் விலையைச் ‘சுதந்திரச் சந்தையின் விலை’ என்பது நகைப்புக்குரியதன்றோ!

முன்னாளில் அறுத்த கதிரை வயலில் உலரவிட்டு, சூடாக வைத்து, பின்னரே களவெட்டியில் மாடு விட்டு மிதித்தனர். அந்தச் சூடு உழவனின் களஞ்சியமாயிருந்தது. காத்திருக்கும் காலத்தை அது அவனுக்கு அளித்தது. அக்காலம் பொற்காலமன்று, போடியாரின் பங்கு போக எஞ்சியதே உழுதவனுக்குக் கிடைத்தது. இன்றோ காலையில் இறங்கும் இயந்திரம் மாலைக்குள் நெல்லை மூடையாக்கிவிடுகிறது. ஈரம் மட்டும் போவதில்லை. குற்றம் இயந்திரத்தினுடையதன்று. இயந்திரத்தோடு கூடவே வந்திருக்க வேண்டிய உலர்களமும் களஞ்சியமும் வராமற் போனதே குற்றம்.

2014 இல் மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது. படகுப்பாதைக்குக் காத்துக்கிடந்த துன்பம் தீர்ந்தது. நல்லதே. ஆனால், பாலம் நெல்லைக் கடத்துமேயன்றி விலையை உயர்த்தாது. களஞ்சியமற்றவனிடம் லொறி இப்பொழுது விரைந்து வருகிறது, அவ்வளவே.

அரசு இருக்கிறதே என்பர் சிலர். இருக்கிறது. 1948 இல் உத்தரவாத விலைத்திட்டம் வந்தது. 1952 இல் ஒரு புசல் நெல்லுக்கு 12 ரூபா. 1967 இல் 14 ரூபா. 1971 இல் நெல் சந்தைப்படுத்தும் சபைச் சட்டம் வந்தது. தாராளமயக் காற்றில் அச்சபை 1990களில் முடங்கியது. அடுத்த பத்தாண்டில் மீண்டும் உயிர்பெற்றது. 2025 பெப்ரவரியில் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என அரசு அறிவித்தது. அறிவிப்பு வெளிவந்தபோது கிழக்கில் அறுவடை தொடங்கிவிட்டிருந்தது! மேலும், ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படாத நெல்லுக்கே அந்த விலை. உலர்த்த இடமில்லாதவனுக்கு அவ்விலை ஏட்டுச் சுரைக்காய். தமிழ்நாட்டின் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் வரம்பு 17 சதவீதம். மழை கெடுத்த பருவங்களில் அதனையும் தளர்த்தியதுண்டு. ஆகவே, ஈரத்தின் வரம்புகூட இயற்கையின் விதியன்று. மனிதர் எடுக்கும் முடிவே.

நெல் விலை உயர்ந்தால் உண்பவன் வயிற்றில் அடியன்றோ என்று கேட்கப்படுகிறது. அறுவடைக் காலத்தில் வயலில் விலை விழும்போது, கடையில் அரிசி விலை அதே அளவுக்கு விழக் கண்டவர் யார்? மாசியில் விற்ற உழவன், கையிருப்புத் தீர்ந்தபின் அதே கடையில் அரிசி வாங்குகிறான். இடைப்பட்ட இலாபம் உழுதவனுக்குமில்லை, உண்பவனுக்குமில்லை, தேக்கி வைத்தவனுக்கே. விலை அரசியலால் ஆவது என்பதற்கு 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தால் சான்று. ஒரு கொத்துப் பங்கீட்டரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டது, மக்கள் கிளர்ந்தெழுந்தனர், பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். இந்தியாவிலும் உழவர் ஓராண்டுக்கு மேல் தெருவில் அமர்ந்து, 2021 இல் மூன்று வேளாண் சட்டங்களை மீளப்பெறச் செய்தனர்.

வேண்டுவது கருணையன்று. விதைப்புக்கு முன்னரே, செலவைக் கணக்கிட்டு விலை அறிவிக்கப்படல் வேண்டும். அறுவடைக்கு முன்னரே படுவான்கரையில் கொள்முதல் நிலையங்கள் திறக்கப்படல் வேண்டும். கூட்டுறவின் உடைமையாக உலர்த்தும் நிலையமும் களஞ்சியமும் எழ வேண்டும். அங்கே வைத்த நெல்லின் ஈட்டில் உழவனுக்குக் கடன் கிடைக்க வேண்டும். காத்திருக்கும் வலிமை உழவன் கைக்கு வரும் நாளிலேதான் அவன் விலை பேசுவான். அதுவரை அவனுக்கு விலை சொல்லப்படும்.

ஆசிரிய நண்பர்களே, கரும்பலகையில் அவ்விரு கோடுகளை வரைந்து முடித்ததும், கோடுகளின் பின்னால் நிற்கும் மனிதரையும் மாணவருக்குக் காட்டுங்கள். களஞ்சியத்தின் திறப்பு யார் கையில் என்று அவர்களைக் கேட்கச் செய்யுங்கள். பொருளியற் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.