கம்பிக்குச் சான்றா, கைக்குச் சான்றா?

செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில் இன்று எஃகே உயரத்தைத் தாங்கி நிற்கிறது. 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டபின் அதனைச் சூழ எழுந்த கோபுரங்களும், கிள்ளானை நோக்கி நீளும் மேம்பாலத் தடமும் கான்கிரீட்டினுள் மறைந்த கம்பிகளை நம்பியே நிற்கின்றன. மறைந்த கம்பியை எவரும் மீண்டும் காணார். எஞ்சியிருப்பது, ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டை அறுபடும்வரை இழுத்துப் பார்த்துத் தந்த சான்றிதழ் ஒன்றே. அந்த இழுவிசைச் சோதனையைக் கைப்பழக்கத்திடமே விட்டுவைக்கலாம் என வாதிடுவோர் இன்றும் இருப்பது வியப்பே.

"முப்பது ஆண்டு பழகிய கைக்கு இயந்திரக் கை ஈடாகுமா?" என்பர் அவர். கேட்க இனிய வாதந்தான். உழைப்பவனை உயர்த்துவது போலவும் தோன்றும். ஆயின் அந்தக் கை செய்வதென்ன? 10 மில்லிமீட்டர் விட்டத்தை அளப்பதில் 0.1 மில்லிமீட்டர் பிசகினால், பரப்பும் அதனின்று கணிக்கும் வலிமையும் ஏறத்தாழ 2 விழுக்காடு பிசகும். துண்டைத் தாடைகளில் சற்றே கோணலாகப் பிடித்தால் இழுவிசையோடு வளைவும் சேரும். விரைந்து இழுத்தால் எஃகு உள்ளதினும் வலியதாய்த் தோன்றும். முறிந்த பாதிகளைப் பொருத்தி நீட்சியை அளக்கையில், ஒருவர் காணும் எண்ணை மற்றவர் காண்பதில்லை. இவற்றில் திறன் எங்கே? களைப்பும் அவசரமும் அன்றோ உள்ளன! 2009இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 6892-1 தரநிலை, துண்டு நீளும் வீதத்தைக் கொண்டே இழுக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறையை வகுத்தது. கணந்தோறும் அவ்வாறு திருத்திக்கொள்ள மனிதக் கையால் ஆகாது. தானியங்கிக் கருவியோ நூறாவது துண்டையும் முதல் துண்டைப் போலவே அளந்து, பொருத்தி, இழுக்கும்.

பிசகு மட்டுமன்று, பொய்யும் உண்டு. அமெரிக்காவின் டக்கோமா நகர வார்ப்பாலை ஒன்றில், நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான எஃகின் சோதனை முடிவுகளை உலோகவியலாளர் ஒருவர் 1985 முதல் 2017வரை பொய்யாக எழுதிவந்தார். 2021இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட பழக்கம்! (பள்ளி அறிவியலறையிலும் இது நிகழாமலில்லை. சுருள்வில்லில் எடை தொங்கவிட்டு வரைபடம் வரையும் மாணவன், நேர்கோட்டில் அமையாத புள்ளியை அழித்துக் கோட்டின்மேல் வைத்து முழு மதிப்பெண் பெறுகிறான்.) ஆதலின், துண்டை இயந்திரம் இழுக்க, எண்ணை மனிதர் தட்டச்சு செய்யும் ஏற்பாடு அரைக்கிணறு தாண்டியதேயாகும். விசையுணரி கண்ட எண் நேரே சான்றிதழுக்குச் செல்லல் வேண்டும். எவரேனும் திருத்தினால் அதன் தடம் அழியாதிருத்தல் வேண்டும். இதனைக் கேட்டு முதலாளிகள் சிலர் முகம் சுளிப்பர். வேகத்துக்காக வாங்கிய கருவி சாட்சி சொல்லத் தொடங்குவதை அவர்கள் விரும்பார்.

வேலை பறிபோகும் என்ற அச்சம் பொய்யன்று. எனினும் அளவுதிருத்தம் தவறிய கருவி ஒரே பிழையை நூறு முறை செய்யும். அதனைக் கண்காணிக்க ஆள் வேண்டும். முறிவுமுகம் கிண்ணமும் கூம்புமாய் நெகிழ்ந்து அறுந்ததா, தட்டையாய்ப் பளபளத்து நொறுங்கியதா என்று பார்த்துக் காரணம் தேடவும் ஆள் வேண்டும். கைப்பிடி திருகிய தொழிலாளிக்கு அப்பயிற்சியை, ஊதியம் குறையாமல், வேலை நேரத்திலேயே அளிப்பது கருவி வாங்கும் நிறுவனத்தின் கடன். கருவியின் விலையோடு அச்செலவையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.